வேலூருக்குப் புதிதாக வந்த ராக் ரசிகர் வானொலி தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இவற்றில் சாமி குறை 1981ஆம் ஆண்டே தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் அந்த ஆண்டு லிங்கம் மறுபடியும் நிறுவப்பட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் தண்ணீர் இல்லாத ஆறு என்று சொல்லவும் கொஞ்சம் யோசிப்பார்கள். காலியான இடத்தில் 'ராக் இல்லாத ரேடியோ' என்று சேர்த்துக்கொண்டால் பட்டியல் மறுபடியும் நிறைந்துவிடும்.

சி.எம்.சி.யில் செவிலியர் வேலைக்கு வந்தவர், வி.ஐ.டி.யில் முதலாண்டு சேர்ந்தவர், ராணிப்பேட்டை சிப்காட்டில் பணிக்கு அமர்ந்தவர், ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்தவர் என்று ஆண்டுதோறும் இந்த வட்டாரத்துக்குப் புதிய ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கிதார் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். வந்த முதல் வாரமே ரேடியோவைத் திருகிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் தேறாது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். ராக் நிலையம் என்று முத்திரை குத்திய ஒன்றைத் தேடினால் வேலூரில் கிடைக்காது, வாஸ்தவம்தான். நிலையத்தைத் தேடுவதை விட்டுவிட்டு நேரத்தைத் தேடுங்கள். எந்த நிலையம், எந்த நாளில், எத்தனை மணிக்கு உங்கள் காதுக்கு ஏற்றதைப் போடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ஊரில் வானொலி தேர்ந்தெடுக்கும் முறை. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு வேண்டிய ராக் எது?

இதற்கு அதிக நேரம் வேண்டாம், ஆனால் தாண்டிப் போகவும் கூடாது. அமெரிக்காவின் பெருநகரங்களில் ராக் நிலையங்கள் வகை பிரித்துக்கொண்டு இயங்குகின்றன. அறுபது, எழுபது, எண்பதுகளின் பாடல்களை அதிகம் சுழற்றும் கிளாசிக் ராக் நிலையம் ஒன்று இருக்கும். இரைச்சலும் வேகமுமாகப் போகும் ஆக்டிவ் ராக் நிலையம் இன்னொன்று. ஆல்டர்நேட்டிவ் என்ற பெயரில் புதிய குழுக்களைப் போடுவது மற்றொன்று. கேட்பவர் தன் வகையைச் சொன்னால் போதும், நிலையம் தானாகக் கிடைத்துவிடும்.

இங்கே அந்த வசதி இல்லாததால் வகையை நீங்கள்தான் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ராக்கிலேயே கனமும் இரைச்சலும் மிகுந்த மெட்டல்தான் வேண்டும் என்றால் பண்பலையில் நேரத்தைச் செலவழிக்காமல் இணைய வானொலி பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். பழைய ஆங்கிலப் பாடல்கள் போதும் என்பவருக்கு ஆகாசவாணி உதவும். கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கினால் போதும், மொழி எதுவானாலும் சரி என்பவர் கொடுத்து வைத்தவர். தமிழ்த் திரைப்பாடல்களிலேயே அவருக்கு நிறைய இருக்கிறது.

இரண்டாம் படி: அலை எட்டுகிறதா என்று பாருங்கள்

பெருநகரத்தில் வளர்ந்தவர்கள் இதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள். சென்னையில் எந்த மூலையில் திருகினாலும் பத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் கேட்கும். வேலூரில் தெருவுக்குத் தெரு கணக்கு மாறும், காரணம் மலைகள்.

பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அலை தொடுவானத்தைத் தொடும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் கோபுரம் என்றால் சுமார் 41 கிலோமீட்டர். நீங்கள் மாடியில் இருந்தால் இன்னும் சில கிலோமீட்டர் சேரும். சென்னை இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூர் 200க்கும் மேல். ஆகவே அந்த ஊர் நிலையங்களைச் சாதாரண நாளில் வேலூரில் உட்கார்ந்து கேட்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்றே அசையாத சில விடியற்காலைகளில், கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை வளைந்து வெகுதூரம் வருவது உண்டு. அப்படி ஒருநாள் சென்னை கேட்டால் சந்தோஷப்படுங்கள். மறுநாளும் கேட்கும் என்று நம்பி அலாரம் வைத்துவிடாதீர்கள்.

உள்ளூர் நிலையங்களுக்கே மலை குறுக்கே நிற்கும். ஊரின் கிழக்கே நீளும் குன்றுகளின் அடிவாரத்தில் வீடு பிடித்தவருக்கும், பாலாற்றைத் தாண்டிக் காட்பாடி காந்தி நகரில் பிடித்தவருக்கும் ஒரே நிலையம் ஒரே தெளிவில் கேட்காது. பாகாயம், ஓட்டேரி பக்கம் ஒரு வகை, சத்துவாச்சாரி பக்கம் இன்னொரு வகை. எனவே நண்பர் சொன்ன அலைவரிசை உங்கள் அறையில் கரகரத்தால் அவர் மேலும் தப்பில்லை, உங்கள் ரேடியோ மேலும் தப்பில்லை. அறையின் எந்த ஜன்னல் கோபுரம் இருக்கும் திசையைப் பார்க்கிறது என்று ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். கட்டடத்தின் கான்கிரீட்டில் இருக்கும் இரும்புக் கம்பிகள் அலையைத் தடுக்கும். ஜன்னலோரம் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கைபேசியில் கேட்பவர்கள் வயர் உள்ள இயர்போனைச் செருக வேண்டும். அந்த வயர்தான் ஆன்டெனா. புளூடூத் இயர்போன் மட்டும் வைத்திருப்பவருக்கு எஃப்.எம். செயலி திறக்கும், ஆனால் ஒன்றும் கேட்காது. புதிய கைபேசிகள் பலவற்றில் எஃப்.எம். வசதியையே நிறுத்திவிட்டார்கள். 2023இல் மத்திய அரசு இந்த வசதியைக் கைபேசிகளில் தரும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. என்றாலும் வாங்கும்போது கேட்டு வாங்குவதே நல்லது. தனி ரேடியோ வாங்குவதென்றால் ஆபீசர்ஸ் லைன் பக்கமோ லாங் பஜார் பக்கமோ கடைகளில் விசாரிக்கலாம். வாங்கும் முன் கடை வாசலில் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். எண் காட்டும் திரை உள்ள ரேடியோ முள் ஓடும் ரேடியோவை விடப் புதியவருக்கு எளிது, கண்டுபிடித்த அலைவரிசையைக் குறித்துவைக்க முடியும். ஸ்டீரியோ, மோனோ மாற்றும் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. அலை பலவீனமாக இருக்கும்போது மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் சட்டென்று குறையும்.

அப்படியும் தெளிவு போதவில்லை என்றால் ஆன்டெனாவை நீங்களே செய்துகொள்ளலாம். இரண்டு இழை கொண்ட சாதாரண மின்வயர் இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையில் இருந்து 75 சென்டிமீட்டர் வரை இரண்டு இழைகளையும் பிரித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் நேராக நீட்டி, சுவரில் ஆங்கில 'டி' எழுத்து போல ஒட்டுங்கள். அந்த 75 சென்டிமீட்டருக்குக் கணக்கு இருக்கிறது: பண்பலையின் நடுவில் உள்ள 98 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர், அதில் கால் பங்குதான் இது. வயரின் மறுமுனையில் ஓர் இழையை ரேடியோவின் நீட்டுக்கம்பியில் சுற்றுங்கள். வெளி ஆன்டெனாவுக்கான துளை ரேடியோவில் இருந்தால் இரண்டு இழைகளையும் அதில் இணைக்கலாம். கைகளை விரித்ததுபோல் இருக்கும் அந்தக் குறுக்கு வயரின் முகம் நிலையத்தைப் பார்க்க வேண்டும், முனை பார்க்கக் கூடாது. படுக்கையாக ஒட்டிப் பார்த்துவிட்டு செங்குத்தாகவும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்; எதில் இரைச்சல் குறைகிறதோ அதுவே உங்கள் அறைக்குச் சரி. செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் சுவரில் செல்லோடேப் ஒட்டும் முன் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: எண்களின் வட்டாரம் தெரிந்துகொள்ளுங்கள்

தானாகத் தேடும் பொத்தானை அழுத்திவிட்டு வருவதைக் கேட்பது சோம்பேறித்தனமான வழி. மலிவான ரேடியோக்களில் அது பலவீனமான நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். வலுவான நிலையத்தையோ இரண்டு மூன்று இடங்களில் காட்டி ஏமாற்றும். கையால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள். எந்த எண்ணில் யார் இருப்பார்கள் என்று தெரிந்தால் அலுப்புத் தட்டாது.

90.4, 90.8, 91.2, 107.8 ஆகிய எண்கள் பெரும்பாலும் சமுதாய வானொலிகளுக்குக் கொடுக்கப்படுபவை. கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சின்ன நிலையங்கள் இவை. இவற்றின் ஆற்றல் குறைவு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் காணாமல் போய்விடும். இந்தியாவில் இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரியில். கல்லூரிகள் நிறைந்த காட்பாடி, பாகாயம் பகுதிகளில் குடியிருப்பவர்கள் இந்த எண்களில் சற்று நின்று, காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள். சமுதாய வானொலிகள் எல்லாமே நாள் முழுக்க ஓடுபவை இல்லை.

91 முதல் 96 வரையிலான பகுதியில் தனியார் நிலையங்கள். வேலூரில் சூரியனும் ஹலோவும் நிலையம் நடத்துகின்றன. இரண்டுமே திரைப்பாடல் நிலையங்கள். தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அரசு அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆகவே பாட்டு, பேச்சு, விளம்பரம் மூன்றைச் சுற்றியே இவர்கள் வண்டி ஓடுகிறது. உள்ளூர் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் கொடுக்கும் விளம்பரத்தில் பிழைக்கும் நிலையம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத்தான் போடும். ராக் போடவில்லையே என்று அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

100க்கும் 104க்கும் இடையில் ஆகாசவாணியின் வட்டாரம். இந்தியாவில் முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிய ஊர் சென்னைதான், 1977 ஜூலை 23 அன்று. இன்றைக்கும் சென்னையில் 101.4இல் ரெயின்போவும் 102.3இல் கோல்டும் இருக்கின்றன. அவை நம் ஊருக்கு நேராக எட்டாது என்றாலும் ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் கேட்கலாம். ஆங்கிலப் பாட்டுக்கு நேரம் ஒதுக்கும் வழக்கம் உள்ள நிலையம் ரெயின்போ. பழைய ராக் ரசிகர்கள் செயலியை இறக்கிவைத்துக்கொண்டால் நஷ்டம் இல்லை.

எல்லை மாவட்டம் என்பதால் இன்னொரு சுவாரசியமும் உண்டு. காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் சாலையில் வடக்கே போகப் போகத் தெலுங்கு எட்டிப் பார்க்கத் தொடங்கும். திருப்பதி ஆகாசவாணி 103.2இல் இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் குடியேறியவர்கள் தருமபுரி ஆகாசவாணியை 102.5இல் தேடலாம். ஏலகிரி மாதிரி உயரமான இடத்துக்குப் போகிறவர்கள் ரேடியோவைக் கையோடு எடுத்துப் போங்கள். கீழே கேட்காதது மேலே கேட்கும். மலைக்குப் போய் ரேடியோ திருகுபவரை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

பண்பலைக்கு வெளியே மீடியம் வேவ் இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். 720 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் சென்னை ஆகாசவாணி மலையைப் பற்றிக் கவலைப்படாமல் வரும், ஏனென்றால் அந்த அலை நிலத்தைத் தழுவிக்கொண்டே போகும். ராக் கிடைக்காது, ஆனால் ஊர் புதிதான ஒருவருக்குச் செய்தியும் வானிலையும் தமிழில் கிடைக்கும். மீடியம் வேவில் ஒரே ஒரு தொல்லை, எல்.இ.டி. பல்பும் கைபேசி சார்ஜரும் போடும் இரைச்சல். அவற்றை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

நான்காம் படி: ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

முன்பே சொன்ன நேரத் தேர்வு இங்கேதான் வருகிறது. ஒரு தாளில் கோடு போட்டு, மேலே நிலையங்களையும் பக்கவாட்டில் மணியையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குக் கிளம்பும் நேரம், மதியம், மாலை, இரவு பத்துக்கு மேல் என்று நான்கு பொழுது போதும். ஒவ்வொரு பொழுதிலும் கால் மணி நேரம் கேட்டு மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: எத்தனை பாட்டு முழுதாகப் போட்டார்கள், விளம்பரமும் பேச்சும் எவ்வளவு நேரத்தைத் தின்றன, உங்கள் மனம் எந்தப் பாட்டிலாவது ஒட்டியதா.

வாரக் கடைசியில் தாளைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். காலையில் ஆர்.ஜே.யின் கலகலப்பும் போட்டிகளும்தான் அதிகம். அலுவலகம் போகிறவர்களைச் சிரிக்க வைப்பது அவர்கள் வேலை, அதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். மாலையில் விளம்பரம் நெருக்கும். இரவு பத்துக்கு மேல் பேச்சு குறைந்து பாட்டு நீளும், எண்பதுகளின் மெல்லிசை தலைதூக்கும். அந்தக் காலத்துத் திரையிசையில் எலெக்ட்ரிக் கிதாரும் பேஸ் கிதாரும் எவ்வளவு தாராளமாகப் புழங்கின என்பதை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால்தான் தெரியும். ராக் ரசிகர் காது கொடுக்க வேண்டியது பாடகருக்குப் பின்னால் ஓடும் பேஸுக்கு. அந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உள்ளூர் நிலையத்தின் இரவு நிகழ்ச்சியே பாதிப் பசியைத் தீர்த்துவிடும்.

ஆர்.ஜே.யைப் பொறுத்தும் தேர்வு மாறும். பாட்டு முடியும் முன்பே பேசத் தொடங்குபவர், கிதார் தனியாக வாசிக்கும் இடத்தில் வெட்டிவிட்டு விளம்பரத்துக்குத் தாவுபவர் ஆகியோரை நான் தாளில் இருந்து அடித்துவிடுவேன். இசையமைப்பாளர் பெயரையும் வாசித்தவர் பெயரையும் சொல்பவர் கிடைத்தால் அவர் எந்த நிலையத்தில் இருந்தாலும் அவர் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜே.க்கள் நிலையம் மாறுவார்கள். அவர்கள் போகும்போது நாமும் கூடப் போவதில் தப்பே இல்லை.

ஐந்தாம் படி: இணையத்தில் ராக் நிலையம்

தாளில் இன்னும் காலியாக இருக்கும் பொழுதுகளை இணைய வானொலியால் நிரப்புங்கள். அதற்குச் செலவு எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 58 எம்.பி. டேட்டா போகும், 64 கிலோபிட் என்றால் அதில் பாதி. நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும் கைபேசி டேட்டா திட்டத்தில் பெரிய ஓட்டை விழாது. காணொளி பார்ப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

எதைத் திறப்பது? கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ரேடியோ பாரடைஸ் விளம்பரம் இல்லாமல், கேட்பவர்கள் தரும் பணத்தில் ஓடுகிறது. அதில் ராக்குக்கென்று தனி அலைவரிசையே உண்டு. புதியவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். மனிதர்கள் உட்கார்ந்து அடுக்கிய வரிசை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்.எம். முப்பதுக்கும் மேற்பட்ட அலைவரிசைகள் வைத்திருக்கிறது. மெட்டல் ரசிகர்களுக்கு மெட்டல் டிடெக்டர், எழுபதுகளின் மெல்லிய ராக்குக்கு லெஃப்ட் கோஸ்ட் 70ஸ். இதுவும் விளம்பரம் இல்லாதது. இங்கிலாந்துக் கடலில் கப்பலில் இருந்து 1964இல் திருட்டு ஒலிபரப்பாகத் தொடங்கி, இப்போது உரிமம் பெற்று நடக்கும் ரேடியோ கரோலைன் பழைய ராக் ரசிகர்களுக்கு ஏற்றது. கப்பலில் ரேடியோ நடத்தியவர்களின் கதைக்காகவே ஒருமுறை கேட்கலாம்.

சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெருநகரத்து உள்ளூர் ராக் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம். 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் வானொலியாகத் தொடங்கியது, இன்று 90.3இல் இயங்குகிறது. அமெரிக்காவில் 88 முதல் 92 வரையிலான பகுதியை வணிகம் சாராத நிலையங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால்தான் அந்த எண். விளம்பரதாரருக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதால் பெயரே தெரியாத குழுவையும் தைரியமாகப் போடுகிறார்கள். இதைக் கேட்க நேரக் கணக்கு தெரிய வேண்டும். அங்கே காலை 7 மணி என்றால் நமக்கு அவர்களின் கோடைக்காலத்தில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அதாவது அவர்கள் வேலைக்குக் கிளம்பும்போது போடும் சுறுசுறுப்பான நிகழ்ச்சி, நாம் வேலை முடித்து வந்து கால் நீட்டும் நேரத்துக்குச் சரியாக வந்து விழுகிறது. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது மட்டும் உங்கள் தாளிலும் ஒரு மணி நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். தவறவிட்ட நிகழ்ச்சியை இரண்டு வாரம் வரை பின்னோக்கிப் போய்க் கேட்கும் வசதியும் அவர்கள் தளத்தில் உண்டு. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஒரு எச்சரிக்கை. நூற்றுக்கணக்கான நிலையங்களைக் காட்டும் செயலிகளை இறக்கிக்கொண்டால் ஒன்றில்கூட நிற்க மாட்டீர்கள். விரல் நகர்ந்துகொண்டே இருக்கும், பாட்டு கேட்காது. இரண்டு நிலையங்களைத் தேர்ந்து ஒரு மாதம் அவற்றோடு இருங்கள்.

ஆறாம் படி: ஊருக்குள் காது வையுங்கள்

வேலூரில் ராக் ஒலிக்கும் ஓர் இடம் பலருக்குத் தோன்றாது: சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் சந்துகள். சிகிச்சைக்காக மேற்கு வங்கத்தில் இருந்தும் வங்கதேசத்தில் இருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும் தெருக்கள் அவை. கடைப்பலகையில் வங்காள எழுத்து, மீன் குழம்பும் சோறும் கிடைக்கும் வங்காள ஓட்டல், பக்கத்து மளிகையில் கடுகு எண்ணெய் பாட்டில் வரிசை. வங்காளிகளுக்குப் பழைய ராக் மரபு உண்டு. கொல்கத்தாவில் மொஹீனேர் கோராகுலி என்ற குழு 1975லேயே தாய்மொழியில் ராக் பாடத் தொடங்கிவிட்டது. வங்கதேசத்திலோ ராக் குழுக்கள் திரை நட்சத்திரங்களுக்கு ஈடாகக் கொண்டாடப்படுபவை. மாலையில் லாட்ஜ் திண்ணையில் துணைக்கு வந்திருக்கும் இளைஞரின் கைபேசியில் பாட்டு ஓடினால் தயங்காமல் கேளுங்கள், யார் பாடியது, எந்த வானொலியில் வரும் என்று. நோயாளியோடு நாள் கணக்கில் காத்திருப்பவர்கள் பேச்சுக்கு ஏங்கியிருப்பார்கள். ஒரு நிலையத்துக்குப் பதில் நான்கைச் சொல்லிவிடுவார்கள்.

தெற்கத்தி ராக் வேண்டுமென்றால் கொச்சியின் மதர்ஜேன், பெங்களூரின் அகம் போன்ற குழுக்களின் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். அகம் கர்நாடக சங்கீதத்தைக் கிதாரோடு கலந்து வாசிப்பவர்கள். மார்கழிக் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கும் உறுத்தாது. நேரில் கேட்க ஆசைப்படுபவர்கள் வி.ஐ.டி.யின் ஆண்டு விழாவான ரிவியேராவின் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். வெளியாட்களுக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே அங்குள்ள மாணவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி ஊர் போய் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஓசூரை நெருங்கும் நேரத்தில் 91.9இல் வையுங்கள். பெங்களூரின் இண்டிகோ ஆங்கிலப் பாடல்களுக்கென்று நடக்கும் நிலையம். சென்னை பக்கம் போகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் வாக்கில் 101.4 தெளிவாகத் தொடங்கும். ரயிலில் பெட்டியின் இரும்பு உடம்பு அலையை மறைப்பதால் ஜன்னல் இருக்கை கிடைத்தால்தான் இந்த வேலை நடக்கும், ஏ.சி. பெட்டியில் முயலவே வேண்டாம்.

ஏழாம் படி: கேட்டுப் பெறுங்கள்

தனியார் நிலையத்துக்குக் கடிதமோ செய்தியோ அனுப்பும்போது 'ராக் போடுங்கள்' என்று பொதுவாக எழுதினால் அது குப்பைக்குப் போகும். குறிப்பிட்ட திரைப்பாட்டின் பெயரையும், அதைப் போட ஏற்ற நிகழ்ச்சியையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேயர் விருப்பம் போன்ற நிகழ்ச்சிகளில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் ஊரும் தொழிலும் ஒரு வரியில் இருக்கட்டும். "சத்துவாச்சாரியில் இருந்து ஒரு செவிலியர்" என்று அறிவிக்க ஆர்.ஜே.க்களுக்குப் பிடிக்கும்.

சமுதாய வானொலியில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. தயாரிக்க ஆள் தேவைப்படும் இடம் அது. வாரம் அரை மணி நேர இசை நிகழ்ச்சி செய்து தருகிறேன் என்று ஒரு பக்கத் திட்டத்தோடு போனால் கதவு திறக்கும். திட்டத்தில் முதல் நான்கு வாரத்துக்கான தலைப்புகளை எழுதிக்கொண்டு போங்கள்; ஐந்து நிமிட மாதிரி ஒலிப்பதிவு ஒன்றும் பென் டிரைவில் இருக்கட்டும். பாடல்களுக்கு உரிமம் யார் பெறுவது என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே நீங்களே எழுப்பிவிடுங்கள். உள்ளூர்க் கல்லூரிக் குழு தன் சொந்தப் பாட்டை எழுதி ஒப்புதல் கையெழுத்து போட்டுக் கொடுத்தால் அந்தச் சிக்கலும் இல்லை; தொடக்கத்துக்கு அப்படி ஒரு குழுவைப் பிடிப்பதே சுலபம். மாணவர்கள் தேர்வு முடிந்து ஊருக்குப் போய்விடும் மே, ஜூன் மாதங்களில் இதற்காக அலைய வேண்டாம், ஜூலை இறுதியில் போய்க் கேளுங்கள்.